பானெட்டின் மேல் சூடம்

என் மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். வாங்கியது பெரிய விஷயமில்லை, இந்தக் காலத்தில் யார்தான் வாங்கவில்லை. அதன் மேல் என்ன பூசுவது என்பதில்தான் வீடே ரெண்டுபட்டுக் கிடக்கிறது. செராமிக் கோட்டிங் போடலாம் என்கிறான் இவன். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தோல் ஒன்று வந்திருக்கிறதாம், அதை ஒட்டிவிட்டால் கல் பட்டாலும் கீறல் விழாதாம், இது மருமகள். மாதம் ஒருமுறை வேக்ஸ் போட்டுத் துடைத்தால் போதாதா என்று சம்பந்தி போனில் கேட்கிறார். சோறு இறங்கும்போதும் இதே பேச்சு. நான் ஒரு தட்டில் சூடத்தை வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "அம்மா, வண்டி மேல எதையும் வச்சிடாத" என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டான். எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டானாம். எனக்குத் தெரியாததா? தட்டில்தானடா ஏற்றுகிறேன் என்று நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். ஆனால் தீக்குச்சி ரெண்டு முறை அணைந்துபோயிற்று.

அவனுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. உங்களுக்குச் சொல்லலாம். தந்திக்காரர் தெருவில் நுழைந்தால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிய காலத்து ஆட்கள் நாம்.

அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு மல்லாட்டை மண்டி முதலாளியிடம் கார் டிரைவராக இருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். முதலாளி வீட்டுக் காம்பவுண்டுக்குள் பின்பக்கம் கார் ஷெட். ஷெட்டை ஒட்டி ஒரே ஓர் அறை. அதுதான் எங்கள் வீடு. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். இதை யாரும் எங்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்த டிரைவர் பின்கதவில் ஆணி கிழித்த ஒரு கோட்டுக்காக அன்று சாயங்காலமே சட்டி பானையோடு தெருவுக்குப் போனவர். அம்மாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். அடுப்பில் உலை வைக்கும்போதுகூடச் சொல்லுவாள்.

கார் கறுப்பு அம்பாசிடர். முதலாளிக்குப் பெற்ற பிள்ளைக்கு அடுத்தபடி அதுதான். கல்வராயன் மலையடிவாரத்தில் அவருக்கு நிலம் இருந்தது, அதனால் வாரத்தில் பாதி நாள் வண்டி அந்தச் செம்மண் ரோட்டில்தான் கிடக்கும். வண்டிக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆயுத பூசை வந்தால் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம், அதோடு சரி. சந்தனம், குங்குமம், எண்ணெய் எதுவும் பெயிண்டில் படக்கூடாது. பழைய வண்டி ஒன்றில் குங்குமம் கறையாகப் பிடித்துப் போகவே இல்லையாம். அந்த வருத்தம் அவருக்கு.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு அவர் ஊரில் இல்லை. சிறுநீர்க் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள மெட்ராஸ் போயிருந்தார். அப்பாதான் விழுப்புரம் வரை கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டு வந்தார். உடம்பு தேறியதும் தந்தி வரும், வண்டியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு வா, இதுதான் உத்தரவு.

முதலாளியின் தாயாரை எல்லோரும் பெரியம்மா என்போம். கணவர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் பூசை அறையும் அடுக்களையும்தான் அவர் ராஜ்ஜியம். பூசையன்று காலையில் அப்பா வண்டியைக் கழுவி எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வெற்றிலையும் சூடக்கட்டியுமாக வந்து நின்றார். மலை ரோட்டில் போய் வருகிற வண்டி, புள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஒரு சூடம்கூட ஏற்றாமல் விட்டால் எப்படி என்று கேட்டார். முதலாளி வேண்டாமென்று சொல்லியிருப்பதை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "எம் மவனுக்கு நான் ஏத்துறேன்பா. நீ இன்னா குறுக்க?" என்று கேட்டுவிட்டார் பெரியம்மா. அதற்கு மேல் ஒரு டிரைவர் என்ன பேசுவார்?

தட்டு பூசை அறையில் இருந்தது. யாராவது ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே, இலை இருந்தால் தட்டு எதற்கு? வெற்றிலையை பானெட்டின் நடுவில் வைத்து, அதன் மேல் பாக்களவுக்கு ஒரு சூடக்கட்டியை வைத்து ஏற்றினார். எல்லோரும் கும்பிட்டோம். கண்ணை மூடிக்கொண்டுதான் கும்பிட்டோம். இலை வாடிச் சுருண்டதையும், சூடம் உருகி எரிந்தபடியே சரிந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தோம். அப்பா வெறுங்கையால் அடித்து அணைத்தார். அவர் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பெயிண்டும் அப்படியே, பொரித்த அப்பளம் மாதிரி உள்ளங்கை அகலத்துக்குக் குமிழ் குமிழாக எழும்பியிருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தன் கையைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் ஏத்துனேன்னு அவங்கிட்ட சொல்லிடாதப்பா. ஏற்கெனவே நான் வாய தொறந்தா எரிஞ்சி வுழறான்."

அன்றைக்கு எனக்கு அந்தக் கிழவியின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கே முதலாளியம்மா, பெற்ற மகனுக்குப் பயப்படுவாளா, எங்களை மாட்டிவிடத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தேன். மகன் வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போதுதான் அந்த முகம் எனக்குச் சரியாகத் தெரிகிறது.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அப்பா மத்தளம். உண்மையைச் சொன்னால் பெரியம்மாவைக் காட்டிக்கொடுத்தவர் ஆவார், அப்புறம் அந்த வீட்டில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் வண்டியைப் பாழாக்கியவர் அவர்தான், அப்போதும் இருக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. தந்தி வருவதற்குள் அந்த வடு தெரியாமல் செய்துவிட வேண்டும்.

லாரிகளுக்குப் பேர் எழுதுகிற பெயிண்டர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். அப்பா அவரை மத்தியானம் மண்டி ஆட்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து அழைத்து வந்தார். அவர் குமிழைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயிண்டை மூன்று தரம் பூசினார். காய்ந்ததும் பார்த்தோம். வடு இல்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அப்பா மட்டும் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இங்கே நின்று பார் என்றார். பார்த்தேன். வண்டி முழுக்க மலை ரோட்டுப் புழுதி பட்டுப் பட்டு மங்கிக் கிடந்தது. அந்த ஓர் இடம் மட்டும் பளபள என்றிருந்தது. காய்ந்த எருமை முதுகில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி. வடு இருந்தபோதாவது கிட்டே போனால்தான் தெரியும். இப்போது தெருவிலிருந்தே தெரிந்தது.

பெயிண்டர் சிரித்தார். இந்த இடத்தை இனி மங்கவைக்க முடியாது, வண்டி முழுவதையும் இதற்குச் சமமாகப் பளபளக்க வைப்பதுதான் வழி என்றார். சேலத்துக்குக் கொண்டுபோய் முழு வண்டியையும் ஸ்ப்ரே அடித்துவிடச் சொன்னார். அதற்கு நாளாகும், முதலாளி நாளையே வந்து நின்றால்? அப்பா தலையாட்டிவிட்டு அவரை அனுப்பினார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கும்பிட்டார். அப்பா யாரையும் கும்பிட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் பேச்சே இதுதான். இன்றைக்கு என் மகனும் மருமகளும் பேசுகிறார்களே, அதே பேச்சு. என்ன, அவர்கள் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். லாரிக்காரர்கள் செய்வதுபோல மல்லாட்டை எண்ணெயில் கிருஷ்ணாயில் கலந்து துடைத்தால் என்ன என்று அப்பா முதலில் யோசித்தார். ஒரு நாளைக்கு ஜொலிக்கும், அடுத்த நாள் புழுதி அதில் ஒட்டிக் களியாகிவிடும், அதுவும் தவிர முதலாளியின் மூக்கு லேசுப்பட்டதில்லை. அது வேண்டாம் என்று முடிந்தது. அப்புறம் கடைவீதி ஹார்டுவேர் கடையில் மெட்ராஸிலிருந்து வந்த பாலீஷ் டப்பா ஒன்று வாங்கி வந்தார். டப்பா மேலே இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்களில் யார் படிப்பது? உச்சி வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தி டிக்கி முழுக்கப் பூசினார். கண் மூடித் திறப்பதற்குள் அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகக் காய்ந்து பிடித்துக்கொண்டது. துணியால் தேய்த்தால் துணிதான் கிழிந்தது. நிழலில் போட வேண்டிய சரக்கு அது என்று யார் கண்டது? மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு அதை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அப்பாவின் கொப்பளம் உடைந்து கைத்துணி நனைந்திருந்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

அன்றைக்குத்தான் அம்மா தேன்மெழுகைப் பற்றிச் சொன்னாள். அம்மா பிறந்தது கச்சிராயபாளையம் பக்கம், மலையின் காலடி. மலைக்காரர்கள் தேனெடுத்த பிறகு அடையை உருக்கி உருண்டையாகச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அவள் ஊரில் மரப்பெட்டிக்கும் கதவுக்கும் அதைத்தான் தேய்ப்பார்களாம், முகம் தெரியுமாம். மரமும் காரும் ஒன்றா என்று அப்பா எரிந்து விழுந்தார். "டப்பால இருந்ததும் மெழுகுதான்னு அந்தக் கடைக்காரரு சொன்னாருன்னீங்களே. அது மெட்ராஸ் மெழுகு, இது மலை மெழுகு. இன்னா வித்தியாசம்?" என்றாள் அம்மா. அம்மா அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது நடந்துவிடும்.

மறுநாள் விடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறினார். பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் விட்டால் வாய்விட்டு ஏதாவது உளறிவிடுவேன் என்ற பயம் வேறு. கச்சிராயபாளையத்தில் இறங்கி மலையைப் பார்க்க நடந்தோம். கல்வராயன் மலை அன்று பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. கீழே இறங்கி வந்தவர்கள் கடுக்காய் மூட்டையும் புளியும் தேன் குடமுமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மெழுகு வைத்திருந்தது ஒரே ஒரு அம்மாள். தேக்கிலையில் சுற்றி, அழுக்கு மஞ்சளில் நாலு உருண்டை. அப்பா ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டார். காருக்கு என்றார் அப்பா. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த மெழுகின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. புகையும் தேனும் பச்சிலையும் கலந்த வாசனை. திரும்பி வரும் பஸ் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு மோந்தபடியே வந்தேன். ஓர் உருண்டையை லேசாக நக்கியும் பார்த்தேன். இனித்தது. இனிக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அது என்ன சேதி என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். பெரியவர்களுக்கும் விளங்கவில்லை என்றால் நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

அன்று சாயங்காலமே அம்மா மெழுகைச் சீவி, வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை நிறுத்தி, டர்பன்டைன் விட்டுக் குழைத்தாள். பானெட்டில் புதுப் பெயிண்ட் இன்னும் சரியாக இறுகியிருக்காது, அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா கூரையிலும் நாலு கதவிலும் பூசினார். இருட்டும் நேரத்தில் தேய்த்து முடித்து, லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஜொலித்தது. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு அப்பா ரெண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் ஷெட் கதவைத் திறந்த அம்மா ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பெரியம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்துவிட்டார். கார் அசைந்துகொண்டிருந்தது. சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. கூரையிலிருந்து கதவுவரை எறும்பு. செவ்வெறும்பும் கறுப்பெறும்பும் சாரை சாரையாக டயர் வழியே ஏறிக் கதவெல்லாம் அப்பிக் கிடந்தது. மெழுகில் தேன் போகாமலே கிடந்திருக்கிறது. வண்டிக்குத் தேன் பூசிவிட்டுத் தூங்கியிருக்கிறோம்.

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அன்று எறும்பைப் பார்த்து அப்பா உறைந்து நின்றுகொண்டிருந்த அதே வேளையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தந்திக்காரர். அவரே பிரித்துப் படித்துச் சொன்னார். முதலாளிக்கு உடம்பு தேறிவிட்டது, இன்றைக்குச் சாயங்கால ரயிலில் விழுப்புரம் வந்து இறங்குகிறார்.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ. "நிக்கிறீங்களே, தண்ணிய எடுங்க" என்று அப்பாவை ஓர் அதட்டு அதட்டினாள். மிச்சமிருந்த மெழுகைப் பெரிய அண்டாவில் தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவிட்டாள். தேனெல்லாம் தண்ணீரில் கரைந்து கீழே நின்றது, மெழுகு மட்டும் மேலே மிதந்து வந்தது. அதை வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவைத்தாள். இதை நேற்றே செய்திருக்க வேண்டியது. அவள் ஊரில் மெழுகு எப்போதும் காய்ச்சி வடிகட்டித்தான் வீட்டுக்கு வருமாம், மலையிலிருந்து இறங்கும்போதே அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டாளாம். அதற்குள் அப்பா வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி எறும்பையும் பழைய மெழுகையும் கழுவினார். பானெட் பக்கம் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பதறிப்போய்த் துடைத்தார். புதுப் பெயிண்ட் சுருங்கினால் கதை முடிந்தது.

துடைக்க மெத்தென்ற துணி இல்லை. பெரியம்மா உள்ளே போய்த் தன்னுடைய நூல் புடவை ஒன்றை எடுத்து வந்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்த வெள்ளைப் புடவை. அதை நாலாகக் கிழித்து ஒரு துண்டைத் தானும் வைத்துக்கொண்டார். அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள், தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள், கீறிவிடக்கூடாது பாருங்கள். நான் சக்கரத்துக்கு மேலே வளைந்த இடங்களைத் தேய்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வேண்டாம் பெரியம்மா, போய் உட்காருங்கள் என்று அம்மா சொன்னதற்கு அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கடைசியில் பானெட். அப்பா யாரையும் தொடவிடவில்லை. காயம் பட்ட கையில் துணி சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் வட்டம் வட்டமாக, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்த்தார். பிறகு தெருக் கோடிக்குப் போய் நின்று பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார், இடப்பக்கம் போய்ப் பார்த்தார். சூடம் பட்ட இடம் எது என்று என்னைக் கேட்டார். நான் தப்பான இடத்தைக் காட்டினேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். சட்டை மாற்றக்கூட நேரமில்லை, அப்படியே விழுப்புரத்துக்குக் கிளம்பினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. முதலாளி களைப்பாக இறங்கி உள்ளே போய்விட்டார். இருட்டில் எதுவும் தெரிந்திருக்காது, காலையில்தான் பார்ப்பார் என்று அப்பா சொன்னார். அன்று நாங்கள் தூங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் முதலாளி பல் குச்சியோடு ஷெட்டுக்கு வந்தார். நானும் அம்மாவும் எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். பெரியம்மா பின்வாசல் படியில் நின்றார், கையில் காய் நறுக்குகிற தட்டு, தட்டில் காய் எதுவும் இல்லை. முதலாளி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து கதவைப் பார்த்தார். டிக்கியைத் தடவினார். முன்பக்கம் வந்து பானெட்டின் மேல் கையை வைத்தார். சூடம் பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கை இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. நான் கத்தவில்லை.

"இன்னாப்பா இது, ஷோரூம்ல இருந்து எடுத்தாந்த மாதிரி வச்சிருக்கிற" என்றார் முதலாளி.

மலை மெழுகு போட்டதாக அப்பா சொன்னார். ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி சிரித்தார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். அம்மாவின் பிடி தளர்ந்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எங்கள் வீடு எங்களுக்கு நின்றுவிட்டது என்று நானும் நினைத்தேன். அப்போது முதலாளி சொன்னார்.

"மெட்ராஸ்ல புது வண்டி ஒண்ணு பாத்துட்டு வந்தேன். இந்த மங்குன வண்டிய எவன் வாங்குவான், இதையே இன்னும் நாலு வருசம் ஓட்டிக்கலாம்னுதான் ரயில்ல நெனச்சிக்கினே வந்தேன். இப்ப இன்னா யோசன? இந்தப் பளபளப்போடவே குடுத்துடணும்."

புது வண்டியை யார் ஓட்டுவது என்று அப்பா கேட்கவில்லை. முதலாளியே சொன்னார். மெட்ராஸில் படித்த மகன் ஊரோடு வரப்போகிறான், லைசென்ஸ் எடுத்துவிட்டான், தானே ஓட்டிக்கொள்வான். அப்பா ஒன்றும் கவலைப்பட வேண்டாம், நாலு இடத்தில் சொல்லி வைப்பதாகவும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நாங்கள் அதைக் காய்ச்சி, வடிகட்டி, வளையலைக் கழற்றிவிட்டுத் தேய்த்து வைத்துக்கொண்டோம். எந்த வடுவைப் பார்த்துப் பயந்தோமோ அது இருந்திருந்தால் முதலாளி கத்தியிருப்பார், பெரியம்மாவே குறுக்கே வந்து உண்மையைச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார், வண்டியும் விலை போகாமல் எங்களோடு கிடந்திருக்கும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பெரியம்மா அன்று மத்தியானம் முதலாளியிடம் வாயைத் திறந்தார். டிரைவரை வைத்துக்கொள்ளடா, பாவம் என்று அவர் சொன்னதும், "நீ சும்மா இரும்மா" என்று மகன் சொன்னதும் எங்கள் அறைவரை கேட்டது. அம்மா மிச்சமிருந்த மெழுகை எடுத்து அடுப்பில் போட்டாள். திகுதிகுவென்று எரிந்தது. அந்த நெருப்பில்தான் அன்றைக்குச் சோறு வெந்தது.

திருக்கோவிலூர் ரைஸ்மில்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டிருந்தார். ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிடு என்று முதலாளி அப்பாவிடம் சொன்னார். புள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, ஒருநாளாவது ஏறிப் பார்க்கட்டும் என்றார். அதுவரை நானோ அம்மாவோ அந்த வண்டிக்குள் உட்கார்ந்ததில்லை, உட்கார நினைத்ததுமில்லை. புறப்படுகிற அன்று காலையிலும் அப்பா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். இனிமேல் எதற்கு அதைத் துடைக்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தார். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஜன்னல் வழியே பார்க்காமல் சீட்டைத் தடவிக்கொண்டே போனேன். என்ன சொன்னாலும் சொல்லுங்கள், எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரைஸ்மில்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவருடைய டிரைவரைக் கூப்பிட்டார். இளவயது ஆள். இந்தப் பளபளப்புக்கு என்ன போட்டீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அப்பா நின்று நிதானமாகச் சொன்னார். மெழுகைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரும், வெயிலில் பூசக்கூடாது, நிழலில் பூசி ஆறவிட்டுத் தேய்க்க வேண்டும். பானெட்டின் நடுவில் மட்டும் அழுத்தாதே என்றும் சொன்னார். சாவியைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஸ்ஸில் முன்பக்கம், டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. நான் ஜன்னலோரம், அப்பா பக்கத்தில். ஊர் தாண்டியதும் ரோட்டில் ஒரு மாட்டு வண்டி குறுக்கிட்டது. பஸ் மெதுவானது. அப்பாவின் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தி மிதித்ததைப் பார்த்தேன். அடுத்த வளைவிலும் மிதித்தார். எதிரே லாரி வந்தபோதும் மிதித்தார். அவருக்கே அது தெரியவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது.

"நீ எதுக்குப்பா மிதிக்கிற? அதான் அவரு ஓட்டுறாரே" என்றேன்.

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆமா, அவரு ஓட்டுறாரு" என்றார். காலை இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி வரும்வரை அதை அவர் வெளியே எடுக்கவில்லை.